படம் வேண்டாம், படிகளைத் தாருங்கள்: பல்கலைக்கழக நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், பதிவாளர் அவர்களுக்கும், ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

மறைந்த எங்கள் வரலாற்றுப் பேராசிரியரின் உருவப்படத்தை அடுத்த மாதம் துறை நூலகத்தில் திறந்துவைக்கப் போவதாகவும், முன்னாள் மாணவர்கள் திரளாக வர வேண்டும் என்றும் தங்கள் அலுவலகம் அனுப்பிய அழைப்பிதழ் என் கையில் இருக்கிறது. அதற்குப் பதினேழு நாள்களுக்கு முன் அதே அலுவலகம் எனக்கு அனுப்பிய இன்னொரு கடிதமும் இருக்கிறது. பேராசிரியர் பயன்படுத்திவந்த பின்கட்டு அறையில் இருந்தவை ‘பயனற்ற பழைய தாள்கள்’ எனக் கண்டறியப்பட்டு விதிகளின்படி அகற்றப்பட்டன என்று அதில் இரண்டே வரிகளில் தெரிவித்திருக்கிறீர்கள். இவ்விரண்டையும் ஒரே மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருக்க என்னால் முடியவில்லை.

அவருடைய பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே நான் எழுதவில்லை. தங்களுக்கு இரண்டும் தெரியும். நான் அவரிடம் 1999 முதல் 2001 வரை முதுகலை வரலாறு படித்தவள். இப்போது அரூர் வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். அவரிடம் வெவ்வேறு ஆண்டுகளில் படித்த பதிமூன்று பேர் இம்மடலை வாசித்து, திருத்தி, ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த அறையில் இருந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அகற்றச் சொன்னவர் யாராக இருந்தாலும், ஒரு சுருளையாவது விரித்துப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்றே நம்ப விரும்புகிறேன். இரண்டு இரும்பு பீரோக்கள் இருந்தன. சுவரோரம் தகர டிரம்களில் மைப்படிச் சுருள்கள், அதாவது கல்லில் உள்ள எழுத்தையும் உருவத்தையும் மையால் தாளில் ஒற்றி எடுத்த படிகள், நிமிர்ந்து நின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நடுகற்களிலிருந்து முப்பது ஆண்டுகளில் அவரும் அவருடைய மாணவர்களும் எடுத்தவை அவை. பீரோக்களுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட நீள நோட்டுகள். கல் ஒன்றுக்கு ஒரு பக்கம்: ஊர், வட்டம், யாருடைய நிலம், கல் எந்தத் திசை பார்க்கிறது, பக்கத்தில் என்ன மரம், வீரன் கையில் வில்லா வாளா, காலடியில் மாடா சிமிழா, எத்தனை வரி, எழுத்து பழைய வட்டெழுத்தா தமிழா கன்னடமா. கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘காட்டியவர்’ என்பது. அங்கே ஆடு மேய்த்த பையனின் பெயர் இருக்கும், கேழ்வரகுக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் பெயர் இருக்கும், சில பக்கங்களில் ‘பெயர் சொல்ல மறுத்தார், வெற்றிலை கேட்டார்’ என்றுகூட இருக்கும். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது, ஊத்தங்கரை, போச்சம்பள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தருமபுரி என்றிருந்ததைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தினார். அந்த ஆண்டுக் கோடை விடுமுறை முழுதும் அதற்கே போயிற்று.

தங்களில் பலர் வெளி மாவட்டங்களிலிருந்து பணிக்கு வந்தவர்கள் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் நடுகல் என்பது அருங்காட்சியகத்தோடு முடிந்துபோகும் பொருள் அல்ல. வேடியப்பன் கோயில் என்று எங்கள் ஊர்களில் நீங்கள் பார்க்கும் பலவற்றில் உள்ளே நிற்பது நடுகல்தான். ஆநிரையைக் கவரப் போனவனுக்கோ, கவர்ந்தவர்களிடமிருந்து மீட்கப் போய் இறந்தவனுக்கோ, புலியோடு பொருது மாண்டவனுக்கோ ஊர் நட்ட கல், பெயரும் கதையும் மறந்துபோன பிறகும் பொங்கலும் சேவலும் வாங்கிக்கொண்டு நிற்கிறது. பக்கத்துச் செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. எங்கள் பேராசிரியர் முதல் வகுப்பைத் தொடங்குவது அந்த வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லிலிருந்துதான். முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்காக எடுத்த கல் அது. அவனோடு இருந்த நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது, அந்த நாயின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. “கோவிவன். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால ஒரு ஊர் நாயோட பேரை எழுதி வெச்சவங்க நாம. நீங்க பரீட்சைத் தாள்ல உங்க ஊர்ப் பேரையாவது பிழையில்லாம எழுதணும்,” என்பார். வகுப்பு சிரிக்கும். எழுபது பேரில் பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரிகள்.

மைப்படி எடுக்கும் வேலையை அருகிலிருந்து பார்த்தவர் யாரும் அதைப் பழைய தாள் என்று எழுத மாட்டார். கல்லை முதலில் தண்ணீரால் கழுவ வேண்டும். எண்ணெயும் மஞ்சளும் ஏறிய வேடியப்பன் கல்லென்றால் கழுவவே அரை நாள் ஆகும், ஆனாலும் கம்பிப் பிரஷோ ஆசிட்டோ பக்கத்தில் வரக் கூடாது. நனைத்த தாளைக் கல்மேல் ஒட்டி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, காற்று எங்கும் அடைபடாமல், பிரஷ்ஷால் தட்டித் தட்டித் தாளை எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். கிழிந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தாள் முக்கால்வாசி காய்ந்ததும் துணிப்பொதியில் மை தொட்டு மேலே ஒற்றினால், மேடு கறுத்து, பள்ளத்தில் இருக்கும் எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கும். முந்தினால் மை ஊறிக் கசிந்துவிடும். பிந்தினால் தாள் கல்லை விட்டு எழும்பிவிடும். பங்குனி வெயிலில் இந்த இரண்டுக்கும் நடுவே கிடைப்பது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் சார் யாரோடும் பேச மாட்டார், மூச்சு விடுகிறாரா என்றுகூடச் சந்தேகம் வரும். எடுத்த படியைச் சுருட்டித்தான் வைக்க வேண்டும் என்பது எங்களுக்கு அவர் போட்ட முதல் கட்டளை. மடித்தால் மடிப்பில் எழுத்து முறியும்.

பென்னாகரம் பக்கத்தில் ஓர் ஊர். (ஊர்ப் பெயரைப் பொதுவில் எழுதி, கல் திருடுகிறவர்களுக்கு வழிகாட்டாதே என்பதும் அவர் கட்டளைதான்.) 2000ஆம் ஆண்டு தைப் பொங்கல் கழிந்த வாரம், நாங்கள் ஆறு பேர் அவரோடு போயிருந்தோம். பூசாரியின் அனுமதிக்காகக் காலை ஏழு மணி முதல் பதினோரு மணி வரை வேப்ப மரத்தடியில் காத்திருந்தோம். எங்களில் ஒருவன், தொல்லியல் துறையின் கடிதத்தைக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்கலாமே என்றதற்கு, “சாமி அவங்களுது, நாம விருந்தாளி” என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார். படி எடுத்து முடித்து, அது கல்லிலேயே காய்ந்துகொண்டிருந்தபோது, அங்கிருந்த ஒரு பாட்டி எங்க வேடியப்பன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பேராசிரியர் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து, இன்ன ஊரின்மேல் வந்த படையிடமிருந்து தொறு மீட்டுப் பட்டவன், இன்னாருடைய மகன் என்று வாசித்துக் காட்டினார். தொறு என்றால் மாட்டு மந்தை என்று விளக்கியதும் பாட்டி, “அப்படின்னா இவரு எங்க பங்காளிதானே சாமி” என்றார். பேராசிரியர் அதை மறுக்கவில்லை. நோட்டில் ‘காட்டியவர்’ கட்டத்தில் அந்தப் பாட்டியின் பெயரை எழுதி, பக்கத்தில் ‘பங்காளி’ என்றும் எழுதிக்கொண்டார்.

சில ஆண்டுகள் கழித்து அந்தக் கோயிலுக்குத் திருப்பணி நடந்தது. தரையை உயர்த்திக் காங்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டினார்கள். ஊர்க்காரர்கள் சாமிக்குச் செய்த மரியாதை அது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் கல்வெட்டின் கடைசி இரண்டு வரிகள் இன்று தரைக்கு அடியில் இருக்கின்றன, மேலே இருப்பவை எனாமல் பெயின்டுக்குள் இருக்கின்றன. அந்த வீரன் யாருடைய மகன் என்று சொல்லும் சாட்சி நாங்கள் அன்று எடுத்த ஒரே ஒரு தாள். சூளகிரிப் பக்கம் கிரானைட் குவாரிக்காக உடைபட்ட பாறையோடு போன கற்கள், சாலை அகலமானபோது மண்ணுக்குள் தள்ளப்பட்ட கற்கள் என்று இதுபோல இன்னும் சில இருந்தன. இருந்தன என்று இறந்தகாலத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

கடந்த சித்திரை விடுமுறையில், வளாகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் என்னைக் கைப்பேசியில் அழைத்து, “சாரோட நோட்டெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போகுதும்மா” என்றார். (அவர் யாரென்று தேட வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த வளாகத்தில் அன்று கடமையைச் செய்தவர் அவர் ஒருவர்தான்.) நான் பேருந்து பிடித்து தருமபுரி வந்து கடையைக் கண்டுபிடிக்கும்போது மாலை ஐந்து மணி. மூலையில் தினசரித்தாள் கட்டுகளுக்கும் விடைத்தாள் கட்டுகளுக்கும் நடுவே பதினொரு நோட்டுகள் கிடந்தன. கடைக்காரர் தராசில் போட்டார். ஏழு கிலோ. கிலோ பதினைந்து ரூபாய் கணக்கில் நூற்று ஐந்து ரூபாய் கொடுத்து வாங்கினேன். மற்றவை முந்தைய நாளே லாரியில் ஏறிவிட்டன என்றார். ரசீது கேட்டேன், சிரித்தார்.

சுருள்கள் கடைக்குப் போகவில்லை. மை படிந்த தாளைக் கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் அவை பிழைத்தன. மறுநாள் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையை ஒட்டிய தகரக் கூரை அறையின் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். உர மூட்டைச் சாக்குகளில், நான்காகவும் எட்டாகவும் மடித்துத் திணித்திருந்தார்கள். ஒரு சாக்கின் வாயிலிருந்து ஒரு வீரனின் தோளும் வில்லின் மேல்பாதியும் வெளியே தெரிந்தன.

தேசிய மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது, ஸ்மார்ட் வகுப்பறைக்கு இடம் தேவைப்பட்டது, அந்தப் பொருள்கள் எதுவும் துறையின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்படவில்லை என்ற தங்கள் தரப்பு விளக்கங்கள் மூன்றும் வாய்மொழியாக என்னிடம் சொல்லப்பட்டன. முதல் இரண்டுக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. ஒரு துறை தனக்கு மட்டுமே உரிய ஒன்றை மதிப்பீட்டுக் குழுவின் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தது ஏன் என்று குழுவினரே கேட்டிருப்பார்கள். மூன்றாவதில் உண்மை உண்டு. இந்த இடத்தில் பேராசிரியர் மீதும் எனக்குக் கோபம் உண்டு. அவர் பதிவேட்டில் ஏற்றவில்லை. நூலாக வெளியிடவும் இல்லை. எப்போது கேட்டாலும் “இன்னும் ரெண்டு ஊர் பாக்கி” என்பார். ஓய்வுபெற்ற பிறகும் டி.வி.எஸ். ஃபிப்டியில் அந்த இரண்டு ஊரைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தார். கல்லை நடந்து போய்ப் பார்க்காதவனுக்குப் படியைக் காட்ட மாட்டேன் என்று சில நல்ல ஆய்வாளர்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவருடைய கையெழுத்தோ வட்டெழுத்தைவிடக் கடினம். ஆனால் பதிவேட்டில் இல்லாத ஒரு பொருளைப் பதிவேட்டில் ஏற்றுவதும் நிர்வாகத்தின் கையில்தான் இருந்தது. ஏற்றுவதற்கு ஒரு பேனா போதும். அகற்றுவதற்கு ஆறு ஆள்களும் ஒரு வண்டியும் தேவைப்பட்டிருக்கின்றன.

மத்தியத் தொல்லியல் துறையின் மைசூர் அலுவலகத்தில் இருந்த தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. நம் படிகள் வேற்று மாநிலத்தில் கவனிப்பின்றிக் கெடுகின்றன என்று ஆண்டுக் கணக்காகத் தமிழ்நாட்டில் எழுந்த குரலின் பயன் அது. தங்கள் வளாகத்திலும் அதற்காக ஒரு கருத்தரங்கம் நடந்தது, நானும் வந்திருந்தேன். மைசூர்க்காரர்கள் எதையும் உர மூட்டையில் திணித்ததாக அந்தக் கருத்தரங்கில் யாரும் சொன்னதாக நினைவில்லை. 2022 மே மாதம், கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொதுக் காலத்துக்கு முன் 2172 வரை செல்கிறது என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, தங்கள் வாயிலில் வாழ்த்துப் பேனர் கட்டினீர்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தக் குன்றில் 2003இலேயே பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு செய்திருக்கிறார் என்பதையும், அதுபோன்ற ஒவ்வோர் இடத்துக்கும் முன்னால் யாரோ ஓர் ஆசிரியர் நடந்து போய், யாரையோ விசாரித்து, ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார் என்பதையும் பேனரில் எழுத இடம் இருக்கவில்லை.

என் சொந்தக் குறை ஒன்றும் இதில் உண்டு. பெண் பிள்ளையை ஊர் ஊராகக் கல்லைப் பார்க்க அனுப்ப முடியாது என்று என் அப்பா மறுத்துவிட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். படிப்பின் அருமை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா போட்ட களியையும் கீரைக் கடைசலையும் சாப்பிட்டுவிட்டு, உங்கள் கொல்லைப் பக்கம் ஏதாவது எழுத்துக் கல் உண்டா என்று மட்டும் கேட்டார். அப்பா அவரை அழைத்துக்கொண்டு போய், எங்கள் நிலத்து மேற்கு வரப்பில் பாதி புதைந்து சாய்ந்திருந்த ஒரு கல்லைக் காட்டினார். இருவரும் மண்வெட்டியோடு இருட்டும்வரை அங்கேயே இருந்தார்கள். நோட்டில் ‘காட்டியவர்’ என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதி, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த அப்பாவிடமே காட்டிச் சரிபார்க்கவும் சொன்னார். அதன் பிறகு நான் எந்த ஊருக்குப் போகவும் தடை இருக்கவில்லை. அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பத்திரத்திலும் ரேஷன் அட்டையிலும் தவிர அவர் பெயர் எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அந்தப் பக்கம். நான் கடையில் மீட்ட பதினொன்றில் அந்த நோட்டு இல்லை.

உருவப்படத்துக்கு வருகிறேன். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்த பிறகு அவனுடைய நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சிறிய கலத்தில் கள்ளைப் படைத்ததைப் பார்த்து ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டை எங்கள் பேராசிரியர் ஆண்டுதோறும் வகுப்பில் வாசிப்பார். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானோ என்பது ஔவையின் கேள்வி. அழைப்பிதழில் ‘சந்தன மாலை அணிவிக்கப்படும்’ என்ற வரியைப் படித்தபோது அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. நாங்கள் பதினான்கு பேரும் அந்த விழாவுக்கு வரப்போவதில்லை.

நாங்கள் கேட்பவை இவை. உருவப்படத் திறப்பைக் கைவிட்டு, அதற்கு ஒதுக்கிய தொகையைச் சுருள்களைப் படுக்கைவாக்கில் வைப்பதற்கான இரும்பு அடுக்குகளுக்கு மாற்றுங்கள். கொட்டகையில் இருப்பவற்றை எங்களில் இருவரும் தங்கள் தரப்பில் இருவரும் உடனிருந்து எண்ணி, ஒவ்வொன்றையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். மடிப்பு விழுந்த தாள்களை ஈரப்பதம் கொடுத்து விரிக்கத் தெரிந்தவர்கள் தொல்லியல் துறையில் இருக்கிறார்கள். தங்கள் பெயரில் ஒரு கடிதம் போனால் அவர்கள் வருவார்கள், எங்கள் பெயரில் போனால் கோப்பில் உட்காரும். ஆகவே அந்தக் கடிதத்தைத் தாங்களே எழுத வேண்டும். விரித்த படிகளையும் பதினொரு நோட்டுகளையும் ஸ்கேன் செய்து, ஒரு பிரதியைத் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கும் ஒரு பிரதியைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கும் கொடுங்கள். ஊர்ப் பெயர்களை மட்டும் பொதுவில் வெளியிடாதீர்கள். லாரியில் ஏறிய நோட்டுகள் எந்தக் கிடங்குக்குப் போயின என்று அந்தக் கடைக்காரரிடம் அதிகாரபூர்வமாக விசாரியுங்கள். நான் கேட்டபோது சொல்லாதவர் தாங்கள் கேட்டால் சொல்லக்கூடும். பேராசிரியர் பணியில் இருந்தவரை முதுகலையில் கட்டாயமாக இருந்து, அவர் போனபின் விருப்பப் பாடமாகி, பிறகு இல்லாமலே போன களப்பணித் தாளை அடுத்த கல்வியாண்டில் மீண்டும் வையுங்கள். கடைசியாக, ‘பயனற்ற பழைய தாள்கள்’ என்று எழுதிய கடிதத்தை எழுத்துமூலமாகத் திரும்பப் பெறுங்கள். யாரையும் தண்டிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அந்தச் சொற்கள் தங்கள் கோப்பில் நிற்கும்வரை, நாளை வேறோர் அறையைக் காலிசெய்ய அதுவே முன்னுதாரணமாகிவிடும்.

பதினொரு நோட்டுகளும் என் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. பதிவேட்டில் அவற்றுக்கு எண் போட்ட அன்றே ஒப்படைத்துவிடுகிறேன். நூற்று ஐந்து ரூபாயைத் திருப்பிக் கேட்க மாட்டேன்.

மற்றவற்றுக்குக் குழுவும் கூட்டமும் தேவைப்படலாம், சாக்குகளுக்குத் தேவையில்லை. அந்தத் தகரக் கூரை இரண்டு இடங்களில் ஒழுகும் என்று அங்கே சைக்கிள் நிறுத்தி இரண்டு ஆண்டுகள் படித்த எனக்குத் தெரியும், ஐப்பசி மழைக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் பதினான்கு பேரும் சுருள்களை வைப்பதற்கான பி.வி.சி. குழாய்களோடு கொட்டகை வாசலில் நிற்போம். சாவியோடு ஓர் ஆளை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
முதுகலை வரலாறு, 1999–2001 அணி மாணவி ஒருவர்,
உடன் ஒப்புதல் அளித்த பதிமூன்று பேர் சார்பிலும்.
அரூர்.